தாத்தாவின் பாட்டுக்குள் ஒரு கல்யாணப் படம்: சாட்ஸ்வொர்த்தில் ஒரு சேமிப்பு சர்வர்

2022 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் சங்கக் கட்டடத்துக்கு ஓர் ஆயா வந்தார். டர்பன் தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்தவர். குடியிருந்தது மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் அறுபதுகளில் அந்த இடத்தைக் காலி செய்யவைத்தபோது, அங்கிருந்த நிறையத் தமிழ்க் குடும்பங்களைப்போல அவர்களும் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தத் தாத்தா, அதாவது ஆயாவின் அப்பா, கூத்துக்காரர். இங்கே தெருக்கூத்தை சிக்ஸ்ஃபுட் டான்ஸ் என்பார்கள். எழுபதுகளின் கடைசியில் யாரோ அவர் பாடியதை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள்.

"தம்பி, அப்பா பாடின டேப்பு உங்ககிட்ட இருக்கே, அதைப் பேத்திக்குப் போட்டுக் காட்டணும்" என்றார்.

எடுத்துப் போட்டேன். நான்காவது நிமிடத்தில் பாட்டு அறுந்து காது கிழிகிற மாதிரி ஓர் இரைச்சல் வந்தது. ஏழு வினாடி இரைந்துவிட்டு மறுபடி தாத்தாவின் குரல். கோப்பின் அளவு சரி, தேதி சரி. கணினி எந்தப் பிழையும் சொல்லவில்லை. அசல் கேசட்டை மறுபடி ஓட்டவும் வழியில்லை. பூஞ்சை பிடித்து நாடா ஒட்டிக்கொண்டிருந்ததை ஒரே ஒருமுறை, கையைப் பிசைந்துகொண்டு ஓட்டிப் பதிவு செய்திருந்தோம்.

அந்த ஏழு வினாடிக்குக் காரணம் தேடப்போய்த்தான் இந்த சர்வர் உருவானது. சங்கம், கோயில், பள்ளி என்று சின்ன இடங்களில் பழைய படங்களையும் குரல்களையும் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரு பழைய மேசைக் கணினி, இரண்டு 4 டிபி யுஎஸ்பி டிஸ்க், இரண்டிலும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. முதல் டிஸ்க்கில் வேலை நடக்கும். இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் ஓடி இரண்டாவதில் நகல் எடுக்கும். மொத்தம் 3.1 டிபி. ஆல்பப் பக்கங்களை 600 டிபிஐயில், சுருக்காமல் ஸ்கேன் செய்கிறோம். ஏ4 அளவில் வண்ணப் பக்கம் ஒன்று 100 எம்பியைத் தாண்டும். கேசட்டுகளை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவதால் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி ஆகிறது.

96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு சேனல் என்றால் வினாடிக்கு 576 கிலோபைட். ஏழு வினாடி என்பது ஏறக்குறைய 4 எம்பி. அந்த 4 எம்பியை மட்டும் வெட்டித் தனியாக எடுத்தேன். ஒலியாகக் கேட்டால் இரைச்சல், சரி. வேறு ஏதாவதாக இருக்குமோ என்று, 4,960 புள்ளி அகலமுள்ள வண்ணப் படமாக எடுத்துக்கொள்ளும்படி சொல்லித் திறந்தேன். 600 டிபிஐயில் ஏ4 தாளின் அகலம் அது. சுமார் 280 வரி உயரத்துக்கு ஒரு படத் துண்டு வந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் மாலையும், அதன்மேல் கோத்திருந்த விரல்களும். வேறொரு குடும்பத்து ஆல்பம் தாத்தாவின் பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். சில மாதங்களுக்கு முன்பு ஒரு லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) நாளில் கரண்ட் போய், திரும்ப வந்தபோது முதல் டிஸ்க் ஏற மறுத்திருக்கிறது. டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே நிரலை ஓட்டி, அது கேட்ட எல்லாவற்றுக்கும் சரி என்று பதில் கொடுத்தது நான்தான். சேமித்து வைத்திருந்த பதிவில் ஒரு பட்டியல் இருந்தது: ஒரே பிளாக்கை (டிஸ்க்கில் ஒரு சிறு துண்டு இடம்) இரண்டு கோப்புகள் தம்முடையது என்று சொல்கின்றன. நடந்தது இதுதான். எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்று கோப்பு முறைமை ஒரு வரைபடம் வைத்திருக்கும். அதற்கு முன்பு ஒருமுறை கரண்ட் போன நொடியில் அந்த வரைபடம் டிஸ்க்கில் முழுதாக இறங்கவில்லை. எழுதிவிட்டேன் என்று யுஎஸ்பி பெட்டி சொன்னது பொய். பழைய வரைபடத்தை நம்பிய கணினி, தாத்தாவின் பாட்டு இருந்த இடத்தைக் காலி என்று எண்ணி அங்கே கல்யாணப் படத்தை எழுதிவிட்டது. எஃப்எஸ்சிகே செய்தது சண்டையைத் தீர்த்து இரண்டு கோப்புக்கும் ஆளுக்கொரு நகல் கொடுத்தது மட்டும். உள்ளே இருப்பது யாருடையது என்று அதற்குத் தெரியாது. எக்ஸ்ட்4 தன் கணக்குப் புத்தகத்துக்கு செக்சம் (தரவு மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வைத்துக்கொள்ளும், நம் கோப்பின் உள்ளடக்கத்துக்கு வைக்காது.

இரண்டாவது டிஸ்க்கில் பாட்டு நன்றாக இருந்தது. ஆர்சிங்க் அளவையும் தேதியையும் மட்டும் பார்க்கும். இரண்டும் மாறவில்லை என்பதால் கெட்ட கோப்பைத் தொடாமல் விட்டுவிட்டது. கூடுதல் கவனம் என்று நினைத்து உள்ளடக்கத்தையும் ஒப்பிடும் விருப்பத்தைப் போட்டு வைத்திருந்தால், வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, கெட்டதைக் கொண்டுபோய் நல்லதன்மேல் எழுதியிருக்கும். வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த கருவிக்கு எது சரி என்று சொல்லத் தெரியாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் முழுக்க ஒரே வேலை. இரண்டு டிஸ்க்கையும் படிக்க மட்டும் என்று ஏற்றி, எல்லாக் கோப்புக்கும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டேன். பதினான்காயிரத்துச் சொச்சம் கோப்புகளில் ஒன்பது வேறுபட்டன. இரண்டு, கடைசியாக நகல் எடுத்த பிறகு நாங்களே திருத்தியவை. மீதி ஏழும் முதல் டிஸ்க்கில் கெட்டிருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, கேட்டு, நல்லதைத் தேர்ந்தேன். ஏழு என்பதால் முடிந்தது. எழுநூறாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? ஆயாவுக்கு அடுத்த சனிக்கிழமை முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினோம்.

புது ஏற்பாட்டுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோதே ஏப்ரல் வந்தது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனையும் சுற்றுப்பகுதியையும் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியது. இரண்டு டிஸ்க்கும் ஒரே இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. தண்ணீர் அந்தத் தட்டுக்கு நான்கு விரல் கீழே நின்றது. வீடிழந்தவர்கள் பக்கத்துக் கூடத்தில் படுத்திருந்த அந்த வாரத்தில் டிஸ்க்கைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் நகல் ஒன்று வேறு ஊரில் இருந்தே ஆகவேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

இசட்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணம் போதுமாக இருந்தது. சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் 2001-இல் தொடங்கிய இந்தக் கோப்பு முறைமை, ஒவ்வொரு பிளாக்கின் செக்சத்தையும் அந்த பிளாக்கிலேயே வைப்பதில்லை. அதைச் சுட்டுகிற தாய் பிளாக்கில் வைக்கிறது. தாயின் செக்சம் அதன் தாயில், இப்படியே உச்சி வரை. செக்சத்தைத் தரவோடு சேர்த்து வைத்தால், கல்யாணப் படம் தன் செக்சத்தோடு தப்பான இடத்தில் உட்கார்ந்தாலும் எல்லாம் பொருந்தும், யாருக்கும் தெரியாது. தாயிடம் இருந்தால், 'நான் கேட்டது பாட்டு, நீ கொடுப்பது வேறு' என்று அந்த இடத்திலேயே பிடித்துவிடும். பக்கத்தில் நல்ல நகலோ, தொலைந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் பேரிட்டியோ இருந்தால் சரியானதை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்தி எழுதிவிடும். பழைய பிளாக்கின்மேல் எழுதுவதும் கிடையாது. புதிதாக வேறிடத்தில் எழுதி முடித்து, கடைசியில் உச்சிச் சுட்டியை மாற்றும். நடுவில் கரண்ட் போனால் கடைசிச் சில வினாடிகளில் எழுதியது போகலாம். வரைபடம் ஒன்று, உண்மை ஒன்று என்ற நிலை வராது. எழுதிவிட்டேன் என்று பொய் சொல்லும் பெட்டி இசட்எஃப்எஸ்ஸையும் கெடுக்கும் என்பதால் யுஎஸ்பியை முதலில் விலக்கினேன்.

ஜூலையில் கட்டினோம். அலுவலகங்களிலிருந்து கழித்துவிடும் ஒரு பழைய ஜியான் டவர் கணினி, தன் பிழையைத் தானே திருத்தும் 16 ஜிபி ஈசிசி மெமரி, டிஸ்க் பொருத்தும் சாட்டா இணைப்பு ஆறு. நான்கில் 4 டிபி டிஸ்க், இரண்டில் சின்ன எஸ்எஸ்டி மிரராக (இரண்டிலும் ஒரே உள்ளடக்கம்), இயங்குதளத்துக்கு. இயங்குதளமாக ஃப்ரீபிஎஸ்டி 13.1 போட்டேன். லினக்ஸிலும் இசட்எஃப்எஸ் நன்றாக ஓடும். ஆனால் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாறும் ஒவ்வொரு முறையும் இசட்எஃப்எஸ் மாட்யூல் சரியாக ஏறியதா என்று பார்க்க இங்கே வேறு ஆள் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் அது கூடவே வருகிறது.

நான்கு டிஸ்க்கை இரண்டு மிரராக வைப்பதா, ரெய்டு-இசட்2 ஆக வைப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இரண்டிலும் கிடைக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். மிரரில் புது டிஸ்க் நிரம்புவது வேகம், விரிவாக்குவது சுலபம். ஆனால் ஒரு டிஸ்க் போன பிறகு அதன் ஜோடியும் போனால் பூல் (எல்லா டிஸ்க்கும் சேர்ந்த சேமிப்பிடம்) முழுவதும் போய்விடும். ரெய்டு-இசட்2-இல் எந்த இரண்டு போனாலும் தரவு நிற்கும். எங்கள் ஊரில் சரியான டிஸ்க் கையில் கிடைக்க ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் ஆகிறது. காத்திருக்கும் அந்த நாட்களில் நிம்மதி வேண்டும் என்று ரெய்டு-இசட்2 எடுத்தேன். வேகம் எங்களுக்குப் பொருட்டே இல்லை.

படம், ஒலி, காணொளி, அன்றாட வேலை என்று பூலுக்குள் தனித்தனிப் பகுதி, அதாவது டேட்டாசெட். பெரிய கோப்புகள் என்பதால் ரெக்கார்டுசைஸ் (ஒரு பிளாக்கின் உச்ச அளவு) 1 எம்பி, சுருக்கத்துக்கு எல்இசட்4 முறை. ஸ்கேன் படத்தில் அதனால் மிச்சமாவது கொஞ்சம்தான். டிஸ்க்கில் 4 கேபி துண்டுகளாக எழுதச் சொல்லும் ஏஷிஃப்ட் 12 என்பதை மட்டும் முதலிலேயே சரியாகப் போட்டுவிட வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை. டிஸ்க்குகளை அமைப்பு கொடுக்கும் எண்ணால் பூலில் சேர்க்கவில்லை. அந்த எண் கேபிளை மாற்றினால் மாறிவிடும். டவருக்குள் எந்தத் தட்டில் இருக்கிறது, சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் லேபிள் கொடுத்தேன். அதே லேபிளை வெள்ளை டேப்பில் எழுதி டிஸ்க்கின் முன்பக்கத்திலும் ஒட்டினேன். அந்த டேப் பிறகு என் கையைக் காப்பாற்றியது.

ஸ்நாப்ஷாட்டுக்கு (அந்த நேரத்து நிலையை அப்படியே நிறுத்திவைக்கும் பதிவு) சனாய்டு என்ற கருவி. மணிக்கு ஒன்றாக 24, நாளுக்கு ஒன்றாக 30, மாதத்துக்கு ஒன்றாக 24. போட்டு மூன்றாவது வாரமே பலன் கிடைத்தது. தன்னார்வலர் ஒருவர் ஒரு ஃபோல்டரை நகர்த்தப்போய் அழித்துவிட்டார். பழைய ஏற்பாடாக இருந்தால் இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் அந்த அழிப்பையும் உண்மையாக நகல் எடுத்திருக்கும். இப்போது காலை 10 மணி ஸ்நாப்ஷாட்டுக்குள் போய் எடுத்துக் கொடுத்தேன், ஐந்து நிமிடம்.

கரண்ட் விஷயம். அப்போது லோட் ஷெடிங் ஒருமுறை வந்தால் எங்கள் பகுதியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. கடையில் விற்கும் சின்ன யுபிஎஸ் பதினைந்து நிமிடம் தாங்கினால் அதிகம். அதனால் 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியோடு ஓர் இன்வெர்ட்டர் வாங்கினோம். 1,280 வாட் மணி. சர்வர் இழுப்பது 60 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. இழப்பெல்லாம் கழித்தாலும் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாது. பணத்தில் பெரிய செலவு இதுதான், டிஸ்க்கைவிடவும். இடையில் சின்ன யுபிஎஸ்ஸும் இருக்கிறது. இன்வெர்ட்டரும் தீர்ந்துபோனால் சர்வரை முறையாக அணைப்பது அதன் வேலை. கரண்ட் போவதைவிடத் திரும்ப வரும்போது வரும் அடிதான் கருவிகளைக் கொல்கிறது என்பதை இங்கே எல்லாரும் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

அப்புறம் வேறு ஊர் நகல். ஜோகனஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா வீட்டில் ஒரு சின்ன அறை கிடைத்தது. டர்பனிலிருந்து சாலை வழியாக ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, உயரமான பீடபூமியில். டர்பனில் நடப்பது அங்கே நடக்காது. எங்கள் ஃபைபரில் ஏற்றும் வேகம் வினாடிக்கு 25 மெகாபிட். 3.1 டிபியை அதில் அனுப்பினால் ஒரு நொடியும் நிற்காமல் பதினொன்றரை நாள். எனவே 8 டிபி டிஸ்க் இரண்டை மிரராக அமைத்து இங்கேயே முழு நகல் எடுத்தேன், ஆறு மணி நேரம். டிசம்பரில் இரண்டையும் துண்டில் சுற்றி, தனித்தனிப் பையில் வைத்து, என்3 நெடுஞ்சாலையில் வான்ரீனன் கணவாய் ஏறிக் கொண்டுபோனேன். வழியில் வண்டி திருடுபோனால் குடும்பங்களின் படங்கள் யார் கையிலும் சிக்கக்கூடாது என்பதால் டிஸ்க்குகளை ஜெலி என்ற ஃப்ரீபிஎஸ்டி குறியாக்கத்தால் பூட்டியிருந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் மாற்றங்கள் மட்டும் போகின்றன. இதில் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். டர்பன் சர்வர் லெனேசியாவுக்குள் நுழைந்து எழுதக்கூடாது. லெனேசியாதான் இங்கே வந்து இழுத்துக்கொள்ள வேண்டும், இங்கே அதற்கு அனுப்பும் உரிமை மட்டும். டர்பன் சர்வர் நாளை தீயவர் கையில் விழுந்தாலும் அங்கேயுள்ள நகலை அழிக்க அதற்கு வழியே இருக்கக்கூடாது. மாற்றம் மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு ஸ்நாப்ஷாட் வேண்டும். அது இங்கே காலாவதியாகி அழிந்துவிட்டால் முழுதும் முதலிலிருந்து. அதனால் அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் இங்கே புக்மார்க் (எதுவரை அனுப்பினோம் என்ற குறி) வைக்கிறேன். அது இடம் பிடிக்காது, அனுப்பும் பக்கத்துக்கு அதுவே போதும். வாங்கும் பக்கத்தில் ஸ்நாப்ஷாட் இருந்தாக வேண்டும், அது அழியாமல் தடுக்க அங்கே ஹோல்ட் போட்டிருக்கிறேன்.

2023 பிப்ரவரி. நாடு முழுக்க மின் நெருக்கடிக்காகப் பேரிடர் நிலை அறிவித்த மாதம். ஒரு காலை பூலின் நிலையைப் பார்த்தால் மூன்றாவது தட்டு டிஸ்க்கில் 47 செக்சம் பிழை. கை பதறியது. ஆனால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் விவரத்தில், கெட்ட இடங்களைக் காட்டும் 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் பூஜ்யம். 199-ஆம் எண் மட்டும் ஏறியிருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு சிதைகிறது என்று சொல்லும் எண் அது. சாட்டா கேபிள்தான். முப்பது ரேண்ட் கேபிளை மாற்றி, பிழைக் கணக்கை அழித்து, எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டினேன். நான்கு மணி நேரம், பிழை இல்லை. நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போட இருந்தேன். பிழை வந்தவுடன் டிஸ்க்கைக் கழற்றாதீர்கள், முதலில் அந்த மூன்று எண்ணைப் பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது தட்டு. இந்த முறை 197-ஆம் எண் 16, மறுநாள் 88. படிக்க முடியாத செக்டர்கள். இது உண்மையான சாவு. புது டிஸ்க் சுமார் 2,300 ரேண்ட், நேரில் போய் வாங்கினேன். சாகும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுவது பலர் செய்வது. அது இன்னும் பாதி படிக்கிறது என்றால் கூடவே வைத்துக்கொண்டு மாற்றுவது நல்லது. நிரப்பி முடியும் வரை அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், பாதுகாப்பு ஒரு படி குறையாமல் இருக்கும். ஆனால் ஆறு இணைப்பும் நிரம்பியிருந்தன. இயங்குதள மிரரில் ஓர் எஸ்எஸ்டியை ஆஃப்லைன் செய்து அதன் இணைப்பைக் கடன் வாங்கினேன். வெள்ளை டேப்பைப் படித்துப் படித்து, சரியான கேபிளைத்தான் தொடுகிறேன் என்று மூன்று முறை உறுதி செய்துகொண்டேன்.

ரீசில்வர், அதாவது புது டிஸ்க்கில் தரவை நிரப்புவது, தொடங்கியது. பூலில் இருப்பது 3.1 டிபி, ஒரு டிஸ்க்கின் பங்கு ஏறக்குறைய 1.55 டிபி. நான்கைந்து மணி நேரத்தில் முடியும் என்று டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் அரை மணி வினாடிக்கு 150 எம்பி. பிறகு 40. பிறகு 8. டிஸ்க்கின் வேலைப் பளுவைக் காட்டும் ஜிஸ்டாட்டில் பார்த்தால் புது டிஸ்க் நூறு சதவீதம் திணறுகிறது, ஒவ்வொரு முறை எழுதவும் ஆயிரக்கணக்கில் மில்லிவினாடி. இந்த வேகத்தில் 50 மணி நேரத்துக்கு மேல். இரவு ஒன்பது மணிக்கு நேரம் கடந்ததாக டிரைவர் செய்திகள் வரத் தொடங்கின. கொஞ்சம் விட்டால் செத்த டிஸ்க் என்று பூல் அதைத் தூக்கி எறிந்துவிடும்.

அது எஸ்எம்ஆர் டிஸ்க். கூரை ஓடுபோலத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து எழுதும் வகை. ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமென்றால் அடுத்தடுத்த தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். முன்னால் கொஞ்சம் சாதாரணப் பகுதி இருப்பதால் முதலில் வேகம் காட்டும். அது நிரம்பியதும் நின்றுவிடும். அட்டையில் அந்தச் சொல் எங்கேயும் இல்லை. தயாரிப்பாளரின் விவரத்தாளைத் தேடி எடுத்துப் படித்த பிறகுதான் தெரிந்தது. ஒரு குறிப்பு வேண்டுமானால் சொல்கிறேன்: சுழலும் டிஸ்க் ஒன்று, எஸ்எஸ்டிகளில் வழக்கமான டிரிம் கட்டளைக்கு (இந்த இடம் இனி வேண்டாம் என்று சொல்வது) ஆதரவு உண்டு என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்குகள் பலவும் அப்படிச் சொல்லும். படம் வைக்கும் தனி டிஸ்க்காக இருக்க அது தகுதிதான். பூலில் போட ஆகாது.

புதியதைப் பிரித்து எடுத்து மாற்றத்தை ரத்து செய்தேன். பழைய டிஸ்க் அதே இடத்தில், முனகியபடி, இருந்தது. கூடவே வைத்து மாற்றியதன் பலன் அது. சரியான வகை டிஸ்க் வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் 197-ஆம் எண் ஏறிக்கொண்டே போனது. ரெய்டு-இசட்2-உம் லெனேசியாவும் இருந்ததால் தூங்கினேன். வந்த பிறகு நான்கே கால் மணி நேரத்தில் ரீசில்வர் முடிந்தது. நடுவில் ஒரு லோட் ஷெடிங் வந்தது, இன்வெர்ட்டர் தாங்கியது. தாங்காவிட்டாலும் ரீசில்வர் முதலிலிருந்து தொடங்காது. எதுவரை முடித்தோம் என்பதை அது டிஸ்க்கில் குறித்துக்கொள்ளும். ஆனால் இயல்பாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் குறிக்கும். அப்போது நாளுக்கு மூன்று முறை கரண்ட் போய்க்கொண்டிருந்த ஊரில் அது பெரிய இடைவெளி.

2024 மார்ச்சுக்குப் பிறகு மாதக்கணக்கில் லோட் ஷெடிங் இல்லை. அந்த அமைதியில், ஆகஸ்டில், இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதைச் செய்தேன். டர்பன் சர்வரே இல்லை என்று வைத்துக்கொண்டு, லெனேசியா டிஸ்க்கிலிருந்து மட்டும் எல்லாவற்றையும் மீட்பது. பேக்கப் ஒழுங்காக இருக்கிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், மீட்டுப் பார்த்தது கிடையாது.

முதல் தடை ஐந்தாவது நிமிடத்தில். அக்கா வீட்டில் மீட்புக்காக வைத்திருந்தது லினக்ஸ் மடிக்கணினி. இசட்எஃப்எஸ் பூல் அதில் திறக்கும், ஆனால் பூலைச் சுற்றிய ஜெலி பூட்டு ஃப்ரீபிஎஸ்டியில் மட்டும்தான் திறக்கும். நான் இல்லாத நேரத்தில் வேறொருவர் அந்த டிஸ்க்கை எடுத்திருந்தால் அவருக்கு அது வெற்று டிஸ்க்காகவே தெரிந்திருக்கும். ஃப்ரீபிஎஸ்டி நிறுவும் யுஎஸ்பி குச்சி ஒன்றைத் தயாரித்து டிஸ்க்கோடு கட்டி வைத்தோம். கடவுச்சொல்லை மூடிய உறையில் இரண்டு வீடுகளில் வைத்தோம்.

பூல் திறந்தது. கோப்புகள் வெற்று டிஸ்க்கில் இறங்கின. இப்போது சரிபார்ப்பு. சர்வரின் சொந்தப் பட்டியலோடு ஒப்பிடாமல், எங்கள் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த அட்டவணையோடு ஒப்பிட்டேன். அதில் ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஷா-256 எண்ணும் இருக்கும். வெளியாள் ஒருவர் வந்தால் அதைத்தான் கையில் எடுப்பார். 312 கோப்புகள் இல்லை என்று வந்தது. பட்டியலின் நடுவில் 'கூத்துக் கொட்டகை 3' என்ற பெயர். ஆயாவின் அப்பா பாடியது.

இருக்கிறது. கண் முன்னால், அதே ஃபோல்டரில், அதே பெயரில் இருக்கிறது. திறந்தால் பாடுகிறது. ஆனால் தேடினால் கிடைக்கவில்லை. அரை மணி நேரம் உற்றுப் பார்த்த பிறகு, கிடைக்காத பெயர்களில் எல்லாம் கொ, கோ, கௌ, தொ, போ போன்ற எழுத்து ஏதாவது ஒன்று இருப்பதைக் கவனித்தேன். 'மணவறை' கிடைக்கிறது, 'கோயில்' கிடைக்கவில்லை.

யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறி என்ற ஒரே எழுத்து. அல்லது க, எகரக் குறி, ஆகாரக் குறி என்று பிரித்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை வேறு வேறு பெயர். ஒலிப் பதிவுகளை ஆரம்பத்தில் ஒரு பழைய மேக் மடிக்கணினியில் செய்தோம். அதன் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை எல்லாப் பெயரையும் பிரித்தே வைக்கும், ஆர்சிங்க் அப்படியே கொண்டுவந்துவிட்டது. அட்டவணையை விண்டோஸில் தட்டச்சு செய்தவர்களுக்குச் சேர்ந்த வடிவம். ஆங்கிலப் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வரவே வராது என்பதால் யாரும் எச்சரிப்பதில்லை. ஆனால் கோயிலும் கோலமும் பொங்கலும் தோட்டமும் இல்லாமல் நாம் எந்த ஆல்பத்துக்குப் பெயர் வைப்பது?

இசட்எஃப்எஸ்ஸில் இதற்கு நார்மலைசேஷன் என்று ஓர் அமைப்பு உண்டு. ஃபார்ம் சி (சேர்ந்த வடிவம்) என்று கொடுத்தால் பெயர்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே வடிவமாக எடுத்துக்கொள்ளும். டேட்டாசெட்டை உருவாக்கும் நேரத்தில் மட்டுமே கொடுக்க முடியும், பிறகு மாற்ற இயலாது. தமிழில் பெயர் வைப்பவர்கள் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பெயரைச் சேமிக்கும்போது அது மாற்றாது, வந்தபடியே வைக்கும். ஆகவே பெயர்களையும் தனியாகச் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு கன்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது. புது ஒலி டேட்டாசெட் ஒன்றை உருவாக்கி, 0.8 டிபியையும் அதற்கு நகர்த்தி, பெயர்களை மாற்றினேன். அது புதியது என்பதால் லெனேசியாவுக்கு முழுதாகப் போக வேண்டியிருந்தது. மூன்று நாள் ஃபைபர் ஓடியது.

மறுபடி மீட்பு, மறுபடி ஒப்பீடு. இந்த முறை எல்லா வரியும் பொருந்தின. 'கூத்துக் கொட்டகை 3' கோப்பின் எண், 2022-இல் இரண்டாவது டிஸ்க்கிலிருந்து எடுத்துக் குறித்துவைத்த அதே எண். ஆயாவின் பேத்தி அந்தப் பதிவைத் தன் போனில் வைத்துக்கொள்ளக் கேட்டிருந்தார். அன்று மீட்ட பிரதியிலிருந்தே அனுப்பினேன்.

அடுத்த மீட்புச் சோதனையை அக்கா தனியாகச் செய்யப்போகிறார். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், போனிலும் இருக்க மாட்டேன். டிஸ்க்கோடு கட்டிய தாளை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். வரைவைப் படித்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார், மூன்று இடத்திலும் நான் ஒரு படியை விட்டிருந்தேன். சேர்த்துவிட்டேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். பெரிய எழுத்தில், தமிழில் ஒரு தாள், ஆங்கிலத்தில் ஒரு தாள் அச்சடித்து லேமினேட் செய்து அனுப்பியிருக்கிறேன்.